கடனுக்குப் பங்காளி, கணக்குக்கு அந்நியனா?



கையெழுத்து வாங்கும்வரை நாற்காலி போட்டு உபசரிக்கும் வங்கி, கணக்குக் கேட்டுப் போனால் "நீர் யார்?" என்கிறது. இது வியாபாரமா, வஞ்சகமா?

எங்கள் தோட்டத்தில் நடந்ததைக் கேளுங்கள். பால்மரம் வெட்டும் அண்ணன் ஒருவர், தம்பி வீடு வாங்கக் கடன் பத்திரத்தில் கையெழுத்திட்டார். பட்டா தம்பி பெயரில். கடனோ இருவர் பெயரிலும். பின்பு குடும்பத்தில் பூசல். தம்பி தவணையை நிறுத்தினார். வங்கியின் கடிதங்கள் யாவும் தம்பி வீட்டுக்கே போயின. அண்ணன் கைக்கு வந்த முதல் கடிதமே வக்கீல் நோட்டீசு! பாக்கி எவ்வளவு என்று கேட்க நானும் உடன் போனேன். "வீட்டுக்காரர் வரட்டும்" என்று வாசலைக் காட்டினார்கள்.

பணம் கட்ட அவர் கடன்காரர். கணக்குப் பார்க்க அவர் அந்நியர். என்னே நியாயம்!

"அண்ணன் தம்பி சண்டையில் வங்கிக்கு என்ன வேலை?" என்பார்கள். பஞ்சாயத்துப் பண்ணும்படி நாம் கேட்கவில்லை. ஆனால் ஒருவருக்குக் கணக்கைக் காட்டி மற்றவருக்கு மறைப்பதே ஒரு பக்கம் சாய்வதன்றோ?

சட்டத்தையும் பாருங்கள். 2017இல் திவால் சட்டம் திருத்தப்பட்டது. சொந்தக் குடியிருப்புக்கான வீட்டுக் கடனுக்கு இலாபம் கருதாமல் ஜாமீன் நின்றவரை இனித் திவாலாக்க முடியாது. ஆனால் அந்தக் காப்பு ஜாமீன்தாரருக்குத்தான். கூட்டுக் கடன்காரருக்கு இல்லை. ஒரே கையெழுத்து, இருவேறு தலைவிதி! தமிழ்ப் பள்ளியோடு படிப்பை முடித்த அந்தத் தொழிலாளிக்கு இதை எடுத்துச் சொன்னவர் யார்? 1965ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டப்படி வீடு ஏலம் போய், அந்தப் பணம் கடனுக்குப் போதாவிட்டால், குறைத் தொகையையும் அண்ணனிடமே கேட்கலாம். வீடும் இல்லை, உறவும் இல்லை, கடன் மட்டும் மிச்சம்!

நாம் கேட்பது சலுகையல்ல. கையெழுத்திடுவோருக்குப் புரியும் மொழியில் பொறுப்பை விளக்குக! கையெழுத்திட்ட ஒவ்வொருவருக்கும் அவரவர் முகவரிக்கே கடிதம் அனுப்புக! கேட்டால் கணக்கைக் காட்டுக!

தோழர்களே, உறவுக்காகக் கை நீட்டுமுன் "ஜாமீனா, கூட்டுக் கடனா?" என்று கேளுங்கள். பத்திரத்தைத் தோட்டக் கிராணியிடமோ சங்கத்திடமோ காட்டுங்கள். அநீதி நடந்தால் முதலில் வங்கிக்கு எழுத்து மூலம் புகார் செய்யுங்கள். பதில் திருப்தி தராவிட்டால், 2025 ஜனவரி 1 முதல் இயங்கும் நிதிச் சந்தைக் குறைதீர்ப்பு அமைப்பிடம் கட்டணமின்றி முறையிடலாம்.

கூலிக்காகக் கணக்குக் கேட்டு நிமிர்ந்தவர்கள் நாம். கடனுக்கும் கணக்குக் கேட்போம்!