கஷாயம் யார் குடித்தாலும் கஷாயம்தான்

ஜூல்ஸ் வெர்னுக்கு எச்.ஜி. வெல்ஸ் மேல் ஒரு கடுப்பு. 1903-ல் ஒரு பேட்டியில் கொட்டித் தீர்த்துவிட்டார் மனுஷர்.

விஷயம் இதுதான். வெர்ன் 1865-ல் எழுதிய நாவலில், மூன்று பேரை ஒரு குண்டுக்குள் உட்கார வைத்துப் பீரங்கியால் சந்திரனை நோக்கிச் சுடுகிறார்கள். வெல்ஸ் 1901-ல் எழுதியதில் பீரங்கி, வெடிமருந்து எதுவும் கிடையாது. புவியீர்ப்பையே மறைத்துவிடும் 'காவோரைட்' என்று ஒரு பொருள். அதை வைத்து ஓர் உருண்டை செய்து ஜம்மென்று போய்விடுகிறார்கள். பீரங்கியாவது உலகத்தில் இருக்கிற சமாசாரம், அந்தக் காவோரைட்டைக் கண்ணில் காட்டட்டும் பார்க்கலாம் என்கிற ரீதியில் பெரியவர் பொரிந்தார்.

அதாவது, நடக்கக்கூடியது விஞ்ஞானக் கதை, நடக்க முடியாதது மாயாஜாலக் கதை. நம்மில் பாதிப் பேர் இன்றைக்கும் இப்படித்தான் கோடு போடுகிறோம்.

நான் படித்தது பி.காம். எண்களைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. வெர்னின் பீரங்கி 900 அடி நீளம். குண்டு வெளியே வரும்போது வேகம் நொடிக்குச் சுமார் 11 கிலோமீட்டர். 900 அடிக்குள் அந்த வேகம் பிடித்தால், உள்ளே இருப்பவரின் எடை 20,000 மடங்குக்கு மேல் ஏறும். 60 கிலோ ஆசாமி 1,200 டன்! அதிர்ச்சி தாங்கத் தண்ணீர் மெத்தை வேறு வைத்திருக்கிறார், பாவம். கிளம்பிய இடத்திலேயே மூன்று பேரும் சட்னி.

ஆக, பீரங்கியும் காவோரைட்டும் ஒரே கட்சி. கோடு அங்கே இல்லை.

இந்தப் பஞ்சாயத்தில் நான் மூக்கை நுழைக்கக் காரணம் என் அக்கா பெண். எட்டாவது படிக்கிறாள். ஸ்கூலில் அறிவியல் கதைப் போட்டி. ஒரு பாட்டி தூக்கத்தைப் போக்கும் கஷாயம் கண்டுபிடிப்பதாக எழுதினாள். எத்தனை கிராம் எது, எத்தனை நிமிஷம் கொதி என்று அளவெல்லாம் உண்டு. பாட்டி ஒரு வாரம் தூங்காமல் முறுக்கு சுற்றுகிறாள், எட்டாம் நாள் அடித்துப் போட்ட மாதிரி சாய்கிறாள். பாத்திரம் திருட வந்தவன் மிச்சத்தைக் குடித்துவைக்க, அவனுக்கும் ஒரு வாரம் தூக்கம் போச்சு.

'இது அறிவியல் அல்ல, மாயாஜாலம்' என்று சிவப்பு மசியில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். பரிசு வாங்கிய கதையில் ஒரு ரோபோ. கதாநாயகன் நல்லவன் என்பதால் அவன் பேச்சை மட்டும் கேட்கும். வில்லன் பட்டனை அமுக்கினால் அழும்!

"நீங்களே சொல்லுங்க மாமா, எது மாயாஜாலம்?" என்றாள். அன்றைக்கு மூடிய கதை நோட்டை அப்புறம் அவள் திறக்கவில்லை. அதுதான் எனக்கு உறுத்தல்.

கர்ணனை எடுத்துக்கொள்ளுங்கள். பரசுராமரிடம் பிரம்மாஸ்திரம் கற்றான். மந்திரம் மனப்பாடம், உச்சரிப்பில் ஒரு பிசகு கிடையாது. ஆனால் தான் யார் என்பதை மறைத்துக் கற்றதால் சாபம். உயிர் போகிற நேரத்தில் மந்திரம் மறந்துபோகிறது. அந்த அஸ்திரம் முதலில் 'நீ யார்?' என்று கேட்கிறது. ஆளைப் பார்த்து வேலை செய்கிற சமாசாரம் அது. கதையாக அதற்கு ஈடு கிடையாது, நான் அதற்குத் தலைகீழ் ரசிகன். ஆனால் விஞ்ஞானக் கதை அந்தக் கேள்வியைக் கேட்கவே கேட்காது.

1977-ல் வந்த 'ஸ்டார் வார்ஸ்' இதனால்தான் என் கணக்கில் புராணம். ராக்கெட் இருந்தால் ஆச்சா? அந்த அபூர்வ சக்தி எல்லாருக்கும் வசப்படாதே! 1999-ல் வந்த படத்தில் அதற்கு ஒரு ரத்தப் பரிசோதனையைச் சேர்த்து விஞ்ஞானப் பூச்சு பூசிப் பார்த்தார்கள். ரசிகர்களே முகம் சுளித்தார்கள்.

இப்போது வெல்ஸ் 1897-ல் எழுதிய 'இன்விஸிபிள் மேன்' கதைக்கு வாருங்கள். விட்டலாச்சார்யா படத்தில் ஆள் மறைந்தால் வேட்டி சட்டையோடு மறைவான். வெல்ஸின் கிரிஃபின் உடம்பு மட்டும்தான் மறையும். லண்டனில் ஜனவரிக் குளிரில் வெற்றுடம்போடு நடுங்கிக்கொண்டு ஓடுகிறான். சேற்றுக் காலின் தடம் காட்டிக் கொடுக்கிறது, சாப்பிட்டது செரிக்கும் வரை வயிற்றில் தெரிகிறது, நாய் மோப்பம் பிடிக்கிறது. கண்ணின் விழித்திரையும் மறைந்தால் அவனுக்கே பார்வை தெரியாதே என்று ரஷ்ய எழுத்தாளர் பெரல்மான் மடக்கியது நியாயம்தான். இருக்கட்டும், எனக்கு முக்கியம் வேறு.

கிரிஃபின் கடைசியில் செத்துப்போகிறான். அவன் எழுதிய மூன்று நோட்டுப் புத்தகங்களும், ஊர் சுற்றிக்கொண்டிருந்த மார்வெல் என்கிற ஆசாமியிடம் சிக்குகின்றன. மார்வெல் இப்போது ஒரு சத்திரத்துக்கு முதலாளி. ராத்திரி பத்து மணிக்கு மேல் கதவைச் சாத்திக்கொண்டு, சாராயக் கோப்பையோடு உட்கார்ந்து அந்த நோட்டைப் புரட்டுகிறான். ஒரு வரி புரியவில்லை. படிப்பு இல்லை, தவம் இல்லை, வம்சம் இல்லை. ஆனால் அந்தக் கிறுக்கல் மட்டும் விளங்கிவிட்டால் அவனும் மறைந்துவிடுவான். அந்த நம்பிக்கையில் விரலால் எழுத்தைத் தடவி, அடுத்த பக்கத்தைத் திருப்புகிறான்.