வட்டியில் பிடித்த காசைக் கேட்டு வாங்குவோம்!



கட்டார் வெயிலில் கம்பி கட்டும் தோழரே! குவைத்தில் யாரோ பெற்ற பிள்ளையைத் தூக்கி வளர்க்கும் தோழியே! அவர்கள் அனுப்பும் காசை விசுவமடுவில், மாங்குளத்தில், நெடுங்கேணியில் காத்து வைத்திருக்கும் தாய்மாரே! வங்கிப் புத்தகத்தை எடுங்கள். இப்போதே எடுங்கள்.

வட்டி விழுந்த இடத்தைப் பாருங்கள். பக்கத்திலேயே ஒரு வரிக் கழிவு. முன்பு 5 வீதம். 2025 ஏப்ரல் முதலாம் திகதியிலிருந்து 10 வீதம். ஒரு லட்சம் ரூபா வட்டி வந்தால் பத்தாயிரம் போய்விட்டது. உங்களைக் கேட்டார்களா? என்னைக் கேட்டார்களா?

எங்களில் மிகப் பலர் கட்ட வேண்டியதே இல்லாத வரி இது! ஆண்டு வருமானம் 18 லட்சம் ரூபா வரை வரி இல்லை. சட்டமே சொல்கிறது. நாட்டில் வதியாதவர் வளைகுடாவில் உழைத்த சம்பளத்துக்கும் இங்கே வரி இல்லை. பிறகு ஏன் பிடிக்கிறார்கள்? நாம் கேட்கவில்லை. அதனால் பிடிக்கிறார்கள்.

கேளுங்கள்! வருமானம் எல்லைக்குள்தான் என்று வங்கியில் சுய பிரகடனப் படிவம் கொடுங்கள். ஒவ்வொரு வரியாண்டும் கொடுங்கள். ஏற்கெனவே பிடித்துவிட்டார்களா? பிடித்ததற்குச் சான்றிதழ் வாங்குங்கள். உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்கு வருமான வரி அறிக்கை அனுப்புங்கள். மீளக் கேளுங்கள். மார்ச் 31இல் முடியும் வரியாண்டுக்கு நவம்பர் 30 கடைசி நாள். அதைத் தவறவிடாதீர்கள்!

அறிக்கை அனுப்ப வரி செலுத்துநர் இலக்கம் (TIN) வேண்டும். "இலக்கம் எடுத்தால் வரி வந்துவிடும்" என்கிறார்கள். வராது. இலக்கம் வேறு, வரி வேறு. ஆனால் அந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். போர் முடிந்ததும் முகாமில் எங்களைப் பதிந்தார்கள். திரும்பி வந்த ஊரில் பதிந்தார்கள். பெயர் எழுதிய ஒவ்வொரு இடத்திலும் நெஞ்சு இடித்தது. 2009 போரை உடம்பில் சுமப்பவர்கள் நாம். அந்தப் பயத்துக்கும் ஆண்டுதோறும் காசு கட்டுவதா? சவர்க்காரக் கட்டிக்கே 18 வீதம் பெறுமதி சேர் வரி கட்டுகிறோம். போதும்!

நுண்கடன்காரன் வாரம் தவறாமல் வாசலில் நின்றானே, எங்களுக்கு ஒரு ரூபா விட்டானா? நாம் மட்டும் ஏன் விடவேண்டும்?

படிவம் விளங்கவில்லையா? தமிழில் கேளுங்கள். வடக்கின் நிர்வாக மொழி தமிழ். அரசியலமைப்பில் எழுதிக் கிடக்கிறது. சிங்களப் படிவத்தை நீட்டினால் கையெழுத்து வைக்காதீர்கள். தமிழ்ப் படிவம் வரும்வரை அந்தக் கதிரையை விட்டு எழும்பாதீர்கள்.

வவுனியா பல்கலைக்கழகத்தில் வணிகக் கற்கை படிக்கும் தம்பி தங்கைகளே! உங்களில் எத்தனை பேரின் படிப்புச் செலவு அந்த வளைகுடாக் காசு! ஊருக்கு வாருங்கள். சனசமூக நிலையத்தில் ஒரு மேசை போடுங்கள். அம்மாமாரின் வங்கிப் புத்தகங்களை வாங்கிப் பாருங்கள். ஒவ்வொரு படிவமாக நிரப்புங்கள். நவம்பர் வரும்வரை காத்திருக்காதீர்கள். வருகிற ஞாயிறே தொடங்குங்கள்!