மலையேறும் ஆசிரியருக்கு என்ன மிச்சம்?

கொல்லிமலையின் 14 நாடுகளுள் ஒன்று எடப்புளி நாடு. காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து அண்மையில் அங்கு சென்றிருந்தபோது, தற்காலிக ஆசிரியராகப் பணியாற்றும் இளைஞர் ஒருவரைச் சந்தித்தேன். பள்ளி நேரம் போக, போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறார். நிரந்தரப் பணி கிடைத்தால் இங்கேயே இருப்பீர்களா என்று கேட்டேன். "இடமாறுதல் கிடைத்ததும் கீழே இறங்கிவிடுவேன் ஐயா. இங்கேயே இருந்தால் எனக்கு என்ன மிச்சம்?" என்றார்.

அவரைக் குறை கூற மனம் வரவில்லை. கடினமான பணிக்குக் கூடுதல் ஊதியம் தராவிட்டால் ஆள் கிடைக்காது என்பதை ஆடம் ஸ்மித் 1776-லேயே விளக்கிவிட்டார். நம் விதிகள்தாம் அதை மறந்துவிட்டன.

தமிழகத்தில் 1.4.2003-க்குப் பின் அரசுப் பணியில் சேர்ந்தோர் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தின்கீழ் வந்தனர். ஊதியத்தில் 10 சதவீதம் பிடித்தம் செய்யப்பட்டது. முதுமையில் மாதந்தோறும் எவ்வளவு வரும் என்ற உறுதி மட்டும் இல்லை. நீண்ட போராட்டத்துக்குப் பின், கடைசி அடிப்படை ஊதியத்தில் 50 சதவீதத்தை உறுதியளிக்கும் திட்டத்தை மாநில அரசு 2026 ஜனவரியில் அறிவித்தது. பழைய ஓய்வூதியத்தில் வாழும் நான், பிறருக்கு அந்தப் பாதுகாப்பு நிதிச்சுமை என்று வாதிடுவது அறமாகாது. அறிவிப்பை வரவேற்கிறேன்.

ஆயினும், கடைசி அடிப்படை ஊதியமே அளவுகோல் என்றால், ஆசிரியர் எங்கே பணியாற்றினார் என்பது கணக்கில் வராது. மலைப்பகுதிப் பணிக்கென வழங்கப்படும் படிகள் ஓய்வூதியக் கணக்கில் சேர்வதில்லை. பேருந்து நிலையத்துக்கு அருகில் 20 ஆண்டுகள் பணியாற்றியவருக்கும், அதே காலத்தை மலையில் கழித்தவருக்கும் முதுமையில் கிடைப்பது ஒன்றே. எனவே, பணிநிரந்தரம் பெற்றவர் சமவெளியை நாடுகிறார்.

அவர் விட்டுச்சென்ற இடத்துக்கு வருபவர் யார்? அரசுப் பள்ளிகளின் காலியிடங்களைப் பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிகமாக நிரப்ப 2022-ல் அறிவிக்கப்பட்ட மாத மதிப்பூதியம், இடைநிலை ஆசிரியருக்கு ரூ.7,500, பட்டதாரி ஆசிரியருக்கு ரூ.10,000. பின்னர் இத்தொகை உயர்த்தப்பட்டாலும், ஓய்வூதியம் இல்லை. கடினமான இடத்தை, பாதுகாப்பு மிகக் குறைந்தவரிடம் ஒப்படைக்கிறோம். அவரும் வேறு வேலை கிடைத்ததும் விலகுகிறார். இழப்பு மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகளுக்கு.

புதிய திட்டத்தின் விதிகளிலேயே இதற்கு வழி காணலாம். மலைப்பள்ளியில் முழுமையாக ஆற்றிய ஒவ்வோர் 5 ஆண்டுப் பணியையும் ஓய்வூதியத்துக்கு 6 ஆண்டுகளாகக் கணக்கிடலாம். தற்காலிகமாக உழைத்த காலத்தில் ஒரு பகுதியையாவது, பணிநிரந்தரத்தின்போது சேர்க்கலாம். தேர்வும் நியமனமும் தாமதமாகி 40 வயதை ஒட்டிப் பணியில் சேர்பவருக்கு, 60-ல் ஓய்வுபெறும்போது ஒவ்வோர் ஆண்டும் பொன்னானது. முழு ஓய்வூதியத்துக்கான பணிக்காலம் குறைந்துவிடுமோ என்று அஞ்சும் அவர்களுக்கு, இச்சலுகை மலையில் தங்க உண்மையான ஈர்ப்பாக அமையும். மாநிலத்தின் மொத்த ஆசிரியர்களோடு ஒப்பிட்டால் மலைப்பள்ளி ஆசிரியர் எண்ணிக்கை சிறிது. செலவும் அதற்கேற்பவே இருக்கும்.

அர்ப்பணிப்பு உணர்வோடு மலையிலேயே தங்கிய ஆசிரியர்கள் உண்டு, அவர்களை வணங்குகிறேன். ஆனால், தனிமனிதரின் தியாகத்தை நம்பி ஓர் அரசு பள்ளி நடத்தக் கூடாது. அந்த இளைஞரின் கேள்விக்கு விதிப்புத்தகத்தில் ஒரு வரி விடை இருந்தால், எடப்புளி நாட்டிலேயே தங்குவதற்கு அவருக்கு ஒரு காரணம் இருக்கும்.