வில்லங்கச் சான்று காட்டாத பங்குகள்

“வில்லங்கம் ஏதுமில்லை, பத்திரப் பதிவும் முடிந்துவிட்டது, இனி என்ன கவலை?” என்று நிம்மதி கொள்ளும் சகோதரர்கள் நம்மிடையே பலர். வளைகுடா நாடுகளில் பாடுபட்டுச் சேர்த்த பொருளை ஊரில் ஒரு மனையில் போடுவது நம் குடும்பங்களின் நெடுநாள் வழக்கம். விலை பேசத் தரகர் இருக்கிறார். பத்திரம் எழுத எழுத்தர் இருக்கிறார். விற்பவருக்கு அம்மனையில் உள்ள உரிமை எவ்வளவு என்று ஆராய்ந்து சொல்லத்தான் பெரும்பாலும் ஒருவரும் இருப்பதில்லை.

அவ்வேலையைப் பதிவு அலுவலகம் செய்துவிடும் என்று எண்ணுவது பெரும் பிழையாகும். விற்பவர் தமக்கு உரிமை வந்த மூல ஆவணத்தைக் காட்டினாலன்றிப் பதிவு செய்யலாகாது என்றது தமிழ்நாட்டுப் பதிவு விதிகளில் 55-ஏ விதியின் முதற்பிரிவு. 2025 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் அதைச் செல்லாதென அறிவித்தது. விற்பவரின் உரிமை சார்பதிவாளரின் ஆராய்ச்சிக்குரியதன்று என்பதே தீர்ப்பின் சாரம். அதன்பின், மூல ஆவணம் காட்டுவதைச் சட்டத்திலேயே சேர்க்க மாநில அரசு முனைந்தது. எப்படியாயினும் ஆவணத்தைக் காண்பது வேறு, உரிமையைத் தீர்மானிப்பது வேறு.

முஸ்லிம் குடும்பச் சொத்தாயின் இவ்வேறுபாடு இன்னும் கூர்மையானது. 40 சென்ட் மனையுடைய ஒருவர், மனைவியையும் இரு மைந்தரையும் ஒரு மகளையும் விட்டு இறக்கிறார் என்று கொள்ளுங்கள். அவருடைய பெற்றோர் முன்பே காலமானவர்கள். கடனோ வஸிய்யத்தோ இல்லை. அவர் மூச்சடங்கிய அக்கணமே ஷரீஅத் முறைப்படி பங்குகள் உரியவர்களைச் சேர்ந்துவிடுகின்றன: மனைவிக்கு எட்டில் ஒன்றாகிய 5 சென்ட், மகளுக்கு 7, மைந்தர் ஒவ்வொருவருக்கும் 14. மைந்தர் இருவரும் பட்டாவைத் தம் பெயருக்கு மாற்றிக்கொண்டு முழு மனையையும் உங்களுக்கு விற்றால், நீங்கள் பெறுவது 28 சென்ட்டுக்குச் சமமான பிரிபடாத பங்கே. எஞ்சிய 12 சென்ட் தாய்க்கும் சகோதரிக்கும் உரியது. வில்லங்கச் சான்றில் இதுபற்றி ஒரு வரியும் வராது. பதிவான ஆவணங்களை மட்டுமே அது காட்டும். மரணம் அங்கே பதிவாவதில்லை.

அந்த மகள் வயது வராத சிறுமியாயின் சிக்கல் மிகுகிறது. தாய் கையொப்பமிட்டால் போதுமென்று பலர் கருதுகின்றனர். முஸ்லிம் சட்டப்படி தாய், பிள்ளையின் சொத்துக்குச் சட்டபூர்வமான காப்பாளர் அல்லர். நீதிமன்றத்தின் நியமனமோ அனுமதியோ இன்றி அவர் அப்பங்கை விற்றால் அவ்விற்பனை செல்லாது. 1918-லேயே பிரிவி கவுன்சில் இதனை நிலைநாட்டிவிட்டது. அனுபவமுள்ள வழக்கறிஞரும் இத்துறையில் பழக்கமில்லையெனில் இவ்விடத்தில் இடறக்கூடும்.

ஹிபா எனும் அன்பளிப்பையும் நினைவிற் கொள்க. கொடுப்பவர் அறிவித்து, பெறுபவர் ஏற்று, சொத்தும் கைமாறிவிட்டால் முஸ்லிம் ஒருவரின் ஹிபா வாய்மொழியாகவே நிறைவேறிவிடும். அதனை எழுதிவைத்திருந்தாலும் பதிவு கட்டாயமில்லை என்று 2011-ல் உச்சநீதிமன்றம் கூறியது. ஆகவே, தந்தை தம் வாழ்நாளில் மகளுக்குக் கொடுத்துவிட்ட வீடு, சான்றில் இன்னும் தந்தையின் வீடாகவே காட்சியளிக்கலாம். அவ்வீட்டில் யார் குடியிருக்கிறார், வாடகையை யார் வாங்குகிறார் என்று நேரில் விசாரித்தால்தான் உண்மை புலப்படும். வக்பு நிலமோ முற்றிலும் தனி. அதனை விற்பதே செல்லாது.

திருமறையின் மிக நீண்ட வசனம் (2:282) கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்வதையும் சாட்சிகளையும் பற்றியது என்பதை நீங்கள் அறிவீர்கள். எழுத்தில் இத்துணைக் கவனம் கொண்ட சமுதாயம், எழுதுவதற்கு முன்னர் விசாரிப்பதில் ஏனோ சுணங்குகிறது! முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமுமாக நூற்றுக்கு 9 ரூபாய் செலுத்தத் தயங்காதவர், வழக்கறிஞரின் கட்டணத்தில் பேரம் பேசுகிறார். அல்லது விற்பவரும் தரகரும் அழைத்துவரும் வழக்கறிஞரையே நம்பிவிடுகிறார். ஆலோசனை கூறுவதை மார்க்கம் ஓர் அமானிதமாகவே கருதுகிறது. அந்த அமானிதத்தை உங்களுக்காகச் சுமப்பவர், உங்களிடம் மட்டுமே கூலி பெறுபவராக இருத்தல் வேண்டும்.

முன்பணம் கொடுக்குமுன் அவரிடம் எழுத்தில் கருத்துரை பெறுங்கள். வாரிசுச் சான்று பெயர்களைத்தான் தரும், பங்குகளைத் தராது. பங்குகளைக் கணக்கிட்டுத் தரும்படி அவரையே கேளுங்கள். நில அளவையரைக் கொண்டு எல்லையையும் அளந்து பாருங்கள். “தங்கை வெளியூரில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள், அவள் கையொப்பத்தைப் பிறகு வாங்கித் தருகிறோம்” என்று விற்பவர்கள் சொல்வார்களேயானால், முன்பணத்தையும் பிறகே தருவதாகச் சொல்லிவிடுங்கள்.