இருளை அளக்கும் சுரப்பி

ஸ்கொத்லாந்துக்கு மேற்கே, அத்திலாந்திக் சமுத்திரத்திலே செயின்ற் கில்டா என்னும் தீவுக்கூட்டம் உளது. அங்கு வாழும் சோயே இனச் செம்மறியாடுகள் இலையுதிர் காலத்திற் சினைப்பட்டு, ஏறக்குறைய ஐந்து மாதம் கழித்து இளவேனிலிற் குட்டி ஈனுகின்றன. காலந் தவறிக் கடுங் குளிரில் ஈனுமாயின், தாய்க்குப் புல் அரிது; குட்டிக்குப் பாலும் அரிது. காலமறிதல் அவ்வாட்டுக்கு உயிர்ப் பிரச்சினையாகும். பஞ்சாங்கம் பாராத ஆடு காலத்தை எங்ஙனம் அறிகின்றது?

மழையும் குளிரும் முன்பின்னாக வரலாம். இரவின் நீளமோ ஆண்டுதோறும் பிசகுவதில்லை. யாழ்ப்பாணத்தில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஏறத்தாழ ஒரு மணி நேரமே வேறுபாடு. அத்தீவுகளிலோ கோடைப் பகல் சுமார் 18 மணி நேரம். மாரிப் பகல் 7 மணி நேரத்திலுங் குறைவு.

இவ்வேறுபாட்டை அளப்பது மூளையிலுள்ள கூம்புச் சுரப்பி. இருளிலே அது மெலற்றோனின் என்னும் ஓமோனைச் சுரக்கின்றது. யேல் பல்கலைக்கழகத்து ஏரன் லேணரும் அவர்தம் குழுவினரும் 1958ஆம் ஆண்டில் மாட்டின் கூம்புச் சுரப்பிகளிலிருந்து பிரித்தெடுத்த பொருள் இதுவே. இரவு நீண்டால் அது நெடுநேரம் சுரக்கும். இரவு குறுகினால் சுரக்கும் நேரமுங் குறுகும்.

தைரொயிட்டு ஓமோன் உடலின் அனுசேப வேகத்தை ஆள்வது என மாணவர் படித்திருப்பர். அதற்கு வேறொரு தொழிலும் உண்டு. கபச்சுரப்பியின் தண்டைச் சூழ்ந்த மெல்லிய பகுதியொன்று மெலற்றோனினின் செய்தியை ஏற்கின்றது. இரவு குறுகுங் காலத்தில் அப்பகுதி, தைரொயிட்டைத் தூண்டும் ஓமோனை மிகுதியாக ஆக்குகின்றது. வியப்பு யாதெனில், இத்தூண்டல் கழுத்திலுள்ள சுரப்பியை நாடாமல், அருகேயுள்ள பரிவகக்கீழ்ப் பகுதியின் கலங்களை அடைகின்றது. அங்குள்ள நொதியம் ஒன்று தைரொட்சினின் நான்கு அயடீன் அணுக்களில் ஒன்றை நீக்கி, அதனை வீரியம் மிக்க ஓமோனாக மாற்றுகின்றது. குருதியில் தைரொயிட்டு ஓமோனின் அளவு பெரிதும் மாறாதிருக்கவும், மூளையின் அச்சிறு பகுதியிற் கோடை பிறந்துவிடுகின்றது! சோயே ஆடுகளில் இவ்வழி தொழிற்படுதல் 2008ஆம் ஆண்டிற் காட்டப்பட்டது.

ஒரே செய்தியை ஒவ்வோர் உயிரும் தன் வாழ்வுக்கேற்பப் பொருள் கொள்ளும். கோடைச் செய்தி ஆட்டின் இனப்பெருக்கப் பருவத்தை முடித்துவைக்கும். குறுகிய சினைக்காலமுடைய அம்ஸ்ரருக்கோ அதுவே தொடக்கம். தைரொயிட்டு அகற்றப்பட்ட பெண்ணாடுகளில் அப்பருவம் உரிய காலத்தில் முடிவுறாமை கண்டறியப்பட்டுள்ளது.

இருளின் அளவைக் கலைத்தால் என்னாகும்? கங்காருவின் இனமாகிய தமார் வல்லபியும் மெலற்றோனினாற் பருவமறியும் விலங்கே. மேற்கு அவுஸ்திரேலியாவின் கார்டன் தீவில், கடற்படைத் தளத்து விளக்கொளியில் வாழ்ந்த வல்லபிகளுக்கு மெலற்றோனின் குறைந்திருந்ததையும், குட்டியீனுங் காலம் பிந்தியதையும் 2015ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று கூறிற்று. குட்டி பிந்திப் பிறப்பினும் புல் தளிர்க்குங் காலம் அதற்காகக் காத்திராது. இரவில் வீணே எரியும் ஒரு விளக்கை அணைக்கும்போது, இருளை நம்பி நாளெண்ணும் உயிர்களையும் நாம் நினைத்தல் தகும்.