சுருண்ட இலையும் நம் பற்றுவரவும்

சம்பா நட்டு இருபது நாளில் சுருண்ட இலை ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு மிராசுதாரும் வருவார், குத்தகைக்காரரும் வருவார். மருந்துக்கடை வைத்திருக்கும் நம் உறுப்பினர்கள் பலர் கேள்வி கேட்காமல் பாட்டிலை எடுத்து வைக்கிறார்கள். இது நமக்குச் சரியாகப் படவில்லை.

இலைச் சுருட்டுப்புழுவுக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் கணக்கு வைத்திருக்கிறது. வளரும் பருவத்தில் இலைச் சேதம் நூற்றுக்குப் 10, பூக்கும் பருவத்தில் கண்ணாடி இலையில் 5. அதை எட்டினால்தான் மருந்து. இளம்பயிர் புது இலை விட்டுத் தானே ஈடுகட்டிக்கொள்ளும்.

வியட்நாமின் மேகாங் டெல்டாவும் நம்முடையதைப் போல நெல் பூமிதான். அங்கே 1994-ல் விவசாயிகளையே சோதிக்கச் சொன்னார்கள்: வயலில் ஒரு பகுதிக்கு முதல் 40 நாள் மருந்தில்லை, மற்றதற்கு வழக்கம்போல. மகசூல் குறையவில்லை. பிறகு அங்கே மருந்தடிப்பது ஏறக்குறையப் பாதியானது. முந்தி அடித்தால் வயலில் உள்ள சிலந்தியும் சாகும். பின்னால் புகையான் வந்தால் தடுக்க ஆளில்லை.

விற்பனை குறையுமே என்பார்கள். குறையும்தான். ஆனால் டெல்டாவில் மருந்தும் கடன், மளிகையும் கடன். இரண்டும் அறுவடையில்தான் தீர வேண்டும். புகையான் தின்ற வயலிலிருந்து எந்தப் பற்று வசூலாகும்?

ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தாரைக் கேட்டு இந்தக் கணக்கை அட்டையில் அச்சிட்டு, குறுவைக்கு முன் மருந்துக்கடைதோறும் மாட்ட நம் சங்கம் ஏற்பாடு செய்ய வேண்டும்.