பலமும் பருமனும் ஒரே பயிற்சியில்

ஜிம்முக்கு வருபவரிடம் பலம் வேண்டுமா, தசை வேண்டுமா என்று கேட்டுப் பாதையைப் பிரிப்பது தவறு. பிராட் ஷோன்ஃபெல்ட் குழுவினர் 2014-ல் வெளியிட்ட ஆய்வில், பயிற்சியில் பழகிய ஆண்களில் ஒரு பிரிவினர் 3 முறை தூக்கும் 7 செட்டும், மறுபிரிவினர் 10 முறை தூக்கும் 3 செட்டும் 8 வாரம் செய்தார்கள். புஜத்தசை இரு பிரிவினருக்கும் ஏறக்குறைய ஒரே அளவு பருத்தது. பலம் கனமாகத் தூக்கியவர்களுக்கே கூடுதலாக ஏறியது. ஆனால் அவர்களுக்கு ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது, மூட்டும் நொந்தது.

ஆகவே இரண்டையும் ஒரே பயிற்சியில் சேருங்கள்: முதலில், கம்பி மெல்ல மட்டுமே மேலேறும் கனத்தில் ஸ்குவாட்டோ பெஞ்ச் பிரஸ்ஸோ 3 முதல் 5 முறை. பிறகு மிதமான எடையில் 8 முதல் 12 முறை. கலந்தால் இரண்டும் கெடும் என்பார்கள். ஓய்வில்லாமல் செட்டுகளைக் கூட்டிக்கொண்டே போனால்தான் கெடும். புதிதாகத் தொடங்குபவர்கள் மட்டும், அசைவு படியும்வரை கனத்தைத் தள்ளிவையுங்கள்.